வார்னிஷ் வாடை

பக்ருதீன் பண்டாரி குடிக்கிறார் என்று பேகம்பூரில் முதலில் சொன்னவள் நான். அவர் குடிக்கவில்லை என்பது அந்த வீட்டுக்கு வெளியே தெருவில் முதலில் தெரிந்ததும் எனக்குத்தான். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அந்த இரண்டு மாதமும் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டால், பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் கொல்லைப்பக்கம் ஒரே மண்சுவர். மழைக்கு மழை கரைந்து என் தோளுயரத்துக்கு இறங்கிவிட்டது. எடுத்துக் கட்டவேண்டும் என்று என் வீட்டுக்காரர் அப்துல் லத்தீப் வருசா வருசம் சொல்லுவார். தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனுசர், சொல்வதோடு சரி. நானும் வற்புறுத்தவில்லை. எனக்கு அந்தச் சுவர் போதுமான உயரத்தில்தான் இருந்தது.

பக்ருதீன் அண்ணனுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். பண்டாரி, அதாவது கல்யாண விருந்துக்கு ஆக்குகிறவர். இருபது படி அரிசியைத் தம்மில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். மூடியைத் திறந்தால் ஒரு அரிசி ஒடிந்திருக்காது. ஆனால் அவருக்குப் பெருமை விருந்தில் இல்லை. ரம்ஜான் மாதம் முப்பது நாளும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது அவர்தான். பதினாறு வருசமாக அந்தச் சட்டியில் வேறொருவர் கரண்டி பட்டதில்லை. ரம்ஜானில் பஜாரில் அவர் நடந்துபோனால் கடைக்காரர்கள் எழுந்து சலாம் சொல்லுவார்கள். மற்ற பதினோரு மாதம் உட்கார்ந்தபடியே சொல்லுவார்கள்.

ஐம்பத்தேழாம் வருசம் தை மாதம். எலெக்‌ஷன் ஜீப்புகள் மைக்கு கட்டிக்கொண்டு தெருவில் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. பக்ருதீன் அண்ணன் இளைக்க ஆரம்பித்தார். கைலி மேல் கட்டுகிற பச்சை பெல்ட்டில் புதிதாக ஆணி வைத்து இரண்டு துளை போட்டுக்கொண்டதைச் சுவர் வழியாகப் பார்த்தேன். அதோடு தண்ணீர். திண்டுக்கல்லில் ஒரு மனுசன் நாளைக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தனியாகக் குடித்துத் தீர்ப்பது என்றால் அது சும்மா விசயமா? அவர் பெண்சாதி சர்புன்னிசா ஒரு நடைக்கு மூன்று நடை குழாயடிக்கு வந்தாள். கேட்டால், "வெயிலு, அக்கா" என்பாள். தை மாதத்தில் வெயில்!

பிறகு ஒருநாள் கறிவேப்பிலை கேட்கப் போனேன். அவரே ஒடித்துக் கொடுத்தார். "எடுத்துக்க, நஜ்மா" என்று வாயைத் திறந்தார். அவ்வளவுதான். கனிந்து கறுத்த வாழைப்பழமும் புதிதாக மெருகு போட்ட அலமாரியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. அப்போது மதுவிலக்கு. சாராயம் கிடைக்காதவர்கள் ஆசாரி கடையில் வார்னிஷ் வாங்கிக் குடித்துக் கண் அவிந்த கதையெல்லாம் வாரம் ஒன்று வரும். எனக்கு வேறு சாட்சி வேண்டுமா?

மறுநாள் குழாயடியில், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லியின் பெண்சாதி உம்மு சல்மாவிடம் காதோடு சொன்னேன்.

"சீ, அவுகளா? ஓதுற மனுசனாச்சே புள்ள."

"ஓதுற வாயிலதான் வாடை வருது. நான் என்னா மூக்க அடமானமா வச்சிருக்கேன்?"

"வேற யாருகிட்டயும் சொல்லிறாத."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வரிசையில் பின்னால் நின்றவளிடம் சொன்னேன்.

அப்புறம் கம்பவுண்டர் கஸ்பார் வர ஆரம்பித்தார். மேட்டுப்பட்டிக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். காலையில் கொல்லைச் சந்து வழியாகப் பையோடு நுழைவார், அரைநாழிகையில் போய்விடுவார். அவர் போனபின் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்பிரிட்டு வாடை வரும். வாசல் வழியாக வராத கம்பவுண்டர் பையில் என்ன கொண்டுவருவார்? ஆசாரி கடை வார்னிஷை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சரக்குக்கு ஏறிவிட்டார் பண்டாரி என்று தெருவுக்கு எடுத்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். என் பேச்சுக்கு அப்படிச் சிரிப்பார்கள்.

மாசி மாதம் ஒரு நிக்காஹ் விருந்தில் அது நடந்தது. பகல் பதினொரு மணி. அரிசி கொட்டுகிற நேரத்தில் பண்டாரிக்கு வேர்த்துக் கொட்டியது. நாக்கு குழறியது. போட்ட உப்பை மறுபடி ஒருதரம் அள்ளிப் போட்டார். யாரோ "அண்ணே, உப்புப் போட்டாச்சு" என்றதற்கு என்னவோ உளறிக்கொண்டே சரிந்து விறகுக் குவியலில் உட்கார்ந்தார். அன்றைக்கு இருநூறு பேர் அந்தச் சோற்றைத் தின்ன முடியாமல் எழுந்தார்கள். நான் சொன்னது இருநூறு வாயால் நிரூபணமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஜமாத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் வீட்டுக்காரர் வந்து கைகழுவி உட்கார்ந்ததும் நான் சோற்றை வைக்காமல் நின்றேன்.

"என்னா ஆச்சு, சொல்லுங்க."

"சோத்தப் போடு மொதல்ல."

"சொன்னாப் போடுறேன்."

"முத்தவல்லி கேட்டாரு. 'பக்ருதீனு, ஊரு ஒரு மாதிரிப் பேசுது, நீ குடிக்கிறியா?'ன்னு. இவரு பாயில இருந்த கோரைய ஒண்ணப் பிச்சாரு. பெறகு ஆமான்னாரு."

"ஆமான்னாரா?"

"ஆமான்னாரு. குடிச்சவன் எவனும் குடிச்சேன்னு ஒத்துக்கிட்டு நான் பாத்ததில்ல. முத்தவல்லி தொப்பியக் கழட்டித் தலையத் தடவுனாரு."

"நான் சொன்னேன்ல? நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்ன, சொன்ன. வெஞ்சனத்த வையி."

"பெறகு?"

"படச்சவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்யச் சொன்னாங்க. அழுதுக்கிட்டே செஞ்சாரு. ரம்ஜானுக்கு முன்னால தொடர்ந்தாப்புல பத்து நோன்பு பிடிக்கணும், பிடிச்சு முடிச்சா கஞ்சிச் சட்டி அவருக்கேன்னு பேச்சு. 'நாளைக்கே ஆரம்பிச்சுர்றேங்க'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சாரு. பாக்கணுமே, ஏதோ லாபத்துக்கு வாங்கின மாதிரிப் போறாரு மனுசன்."

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு முட்டை கூட ஒன்று அவித்து வைத்தேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது; ஆனால் சந்தோசம்தான், வேறு பெயர் அதற்கு இல்லை.

நோன்பு தொடங்கியது. கஸ்பார் வழக்கம்போல் சந்து வழியாக வந்தார். பக்ருதீன் அண்ணன் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினார்.

"வேணாங்க. நோன்பு வச்சிருக்கேன். போட்டா முறிஞ்சுரும்."

"பாய், இது சாப்பாடு இல்ல பாய், பெரியவங்க யாரையாச்சும் கேட்டுப் பாருங்க…"

"பத்து நாளு. பத்தே நாளு. பெறகு வாங்க."

கஸ்பார் சர்புன்னிசாவைப் பார்த்தார். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு 'போட்டா' என்றால் சரக்குப் போடுவது என்றுதான் காதில் விழுந்தது. பரவாயில்லையே, திருந்திவிட்டாரே என்று நினைத்தேன்.

ஐந்தாவது நோன்பு. பங்குனி வெயில். மலைக்கோட்டைப் பாறை காய்ந்து அதன் அனல் தெருவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம். நான் கொல்லையில் மிளகாய் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பாலிருந்து அதே வார்னிஷ் வாடை. முன்பைவிட இரண்டு பங்கு. பகலில், நோன்பு நேரத்தில்! அடப்பாவி மனுசா, அல்லாஹ்வையுமா ஏமாற்றுகிறாய் என்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன்.

சர்புன்னிசா அந்தப் பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வா, அக்கா. எட்டிப் பாக்காத. உள்ள வா. இன்னைக்கு எல்லாத்தையும் பக்கத்துல வந்தே பாரு."

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் போனேன்.

கொல்லை மூலையில், சமையல்கட்டுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில், கவிழ்த்த ஒரு மண்சட்டி மேல் சின்ன ஸ்பிரிட்டு விளக்கு எரிந்தது. பக்கத்தில் நீல மருந்து ஒரு பாட்டில். விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று. ஒரு கொட்டாங்கச்சி. அதைச் சுற்றிச் சாரை சாரையாகக் கட்டெறும்பு.

"இதுல என்னா இருக்கு தெரியுதா?" என்று கொட்டாங்கச்சியைக் காட்டினாள். "அவுக மூத்திரம்."

நான் இரண்டடி பின்னால் போனேன்.

"போகாத. நஜீசு, அசுத்தம்னு எனக்கும் தெரியும். ரெண்டு மாசமா நான் இதத் தொட்டுட்டுக் குளிச்சுட்டுத்தான் அடுப்படிக்குப் போறேன். பாரு."

நீல மருந்தைக் குழாயில் விட்டாள். எட்டுச் சொட்டு எண்ணிக் கலந்தாள். இடுக்கியால் பிடித்து விளக்கில் காட்டினாள். நீலம் கொதித்தது, பச்சையானது, மஞ்சளானது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் பொடியைக் கரைத்தாற்போலச் சிவந்து அடியில் தங்கியது.

"நீலமாவே இருந்தா நல்லது. பச்சைன்னா பரவாயில்ல, செவந்தா மோசம். போன மாசம் பச்சைக்குக் கொண்டு வந்துட்டேங்க்கா. அரிசிய நிறுத்தி, கேப்பைக்களி கிண்டி, காலையில கோட்டைய ஒரு சுத்து நடக்க வச்சு, கஸ்பாரு ஊசி போட்டு. ஒருநாளு ஊசி போட்டுட்டுத் திங்காம விருந்து வேலைக்குப் போயிட்டாக. அதான் வேர்த்து விழுந்தாக, உப்ப ரெண்டுதரம் போட்டாக. குடிச்சுட்டா விழுந்தாக? சக்கரை வியாதிக்கா. சக்கரை."

"வாயில அந்த வாடை?"

"அதக் கஸ்பாரு சொன்னாரு. நீ ஒரு பண்டாரி பொண்டாட்டி, ஒனக்குப் புரியும்னு சொன்னாரு. ரத்தத்துல சக்கரை, வெறகு மாதிரி வாசல்ல மலையாக் கெடக்குதாம். அடுப்புக்குள்ள போக மாட்டேங்குதாம். அடுப்பு அவியக்கூடாதுல்ல? அதனால வீட்டு உத்தரத்தையும் கதவையும் ஒடச்சு ஒடச்சு எரிக்குதாம் ஒடம்பு. அந்தப் புகைதான் வாயில வருதாம். ஊசிதான் வெறக எடுத்து அடுப்புக்குள்ள வைக்கிற கை. அந்தக் கையத்தான் இவுக நோன்புன்னு வேணாம்னுட்டாக. அஞ்சு நாளா எரியுது. உள்ள வந்து பாரு, மூச்ச எப்படி இழுக்குறாகன்னு."

எனக்கு அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"அப்ப ஜமாத்துல ஏன் ஆமான்னாக? வியாதின்னு சொல்ல வேண்டியதுதான?"

சர்புன்னிசா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

"நத்தத்துல இருந்து ஒரு பண்டாரி வருவாருல்ல, நல்லாத்தான ஆக்குனாரு. அவருக்கு இந்த வியாதின்னு தெரிஞ்சதும் ஒரு பேரு வச்சாங்க, ஞாபகம் இருக்கா? ஒண்ணுக்குப் பண்டாரி. பெறகு அவரு இந்தப் பக்கம் கரண்டி பிடிச்சாரா? அந்தப் பேர வச்சது யாருக்கா?"

நான்தான் வைத்தேன். குழாயடியில். அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

"இவுக என்கிட்ட சொன்னாக: குடிச்சவனுக்குத் தவ்பா இருக்கு, சர்பு. அழுதா, நோன்பு பிடிச்சா, கழுவிட்டுத் திரும்பி வரலாம். மூத்திர வியாதிக்குத் தவ்பா இல்ல. மூத்திர வியாதிக்காரன் கையால எவன் கஞ்சி குடிப்பான்னாக. சட்டிக்காகத்தான் குடிகாரப் பேர வாங்கிக்கிட்டாக. நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே முடியாது. நோன்ப விடுங்கன்னு நான் சொன்னாக் கேக்க மாட்டாக. முத்தவல்லி சொல்லணும். நான் இவுகள விட்டுட்டு எங்கிட்டும் போகமுடியாது. நீ போ. அம்புட்டுப் பேருக்கும் அம்புட்டுச் சொன்னியே, இதையும் போய்ச் சொல்லு."

ஐந்து வீடு தள்ளி முத்தவல்லி வீடு. அந்தத் தூரத்தை நான் எத்தனையோ தரம் சேதியோடு ஓடியிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டு நடந்தேன்.

முத்தவல்லி அக்பர் அலி ராவுத்தர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். உம்மு சல்மா கதவுத் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாடையைக் குடி என்று முதலில் சொன்னது யார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை மட்டும் வேகமாகச் சொன்னேன்.

"குடிச்சேன்னா ஒரு மனுசன் பொய் சொல்லுவான்?"

"சொல்லியிருக்காக, மாமு."

அவர் தேநீரை இன்னொரு வாய் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ராத்திரி எத்தன தடவ எந்திரிப்பாராம்?"

"ஆறு, ஏழு தடவயாம்."

"தண்ணி… தண்ணி தவிக்குமோ?"

திரைக்குப் பின்னாலிருந்து உம்மு சல்மா, "ஏங்க, ஒங்களுக்கும்…" என்று ஆரம்பித்தாள்.

"நீ உள்ள போ." அவர் அவளைப் பார்க்கவில்லை. தேநீர்க் கிளாஸை இரண்டு விரலால் தள்ளி வைத்தார். "நோன்ப விடச் சொல்லு. வியாதிக்காரனுக்கு மார்க்கத்துல எடம் இருக்கு. நான் சொன்னேன்னே சொல்லு. ஓடு."

நான் நின்றேன். "சட்டி, மாமு?"

"முந்நூறு பேரு குடிக்கிற கஞ்சி நஜ்மா அது. நானா வேணாங்குறேன்? ஊரு என்னா சொல்லும்னு பாக்கணும்ல?"

ஊர் என்றால் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

திரும்பி வந்தபோது சர்புன்னிசா கஸ்பாருக்கும் சொல்லியனுப்பியிருந்தாள். தெரு வாசலில் ஜட்கா வண்டி நின்றது. கஸ்பார் ஊசி டப்பாவோடு கொல்லையில் காத்திருந்தார். உள்ளே பாயில் பக்ருதீன் அண்ணன். உதடு வெடித்திருந்தது. நாலு மூட்டை அரிசியைத் தூக்கிவிட்டு வந்தவர் போல மூச்சை ஆழத்திலிருந்து இழுத்து இழுத்து விட்டார். அறை முழுக்க அந்த வாடை. அதற்குள்ளே நின்றபோது, இதைக் குடி என்று என் மூக்கு எப்படிச் சொன்னது என்றிருந்தது.

"அண்ணே, முத்தவல்லி நோன்ப விடச் சொல்லிட்டாக."

கண்ணைத் திறந்தார். "அவருக்கு யாரு சொன்னா?"

"நான்தான்ண்ணே."

"என்னான்னு?"

"சக்கரன்னு."

சர்புன்னிசா உப்புப் போட்ட மோரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

"சட்டி?" என்று என்னைக் கேட்டார்.

நான் சர்புன்னிசா கையிலிருந்த மோரைப் பார்த்தேன். அவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

"ஊருக்குத் தெரிஞ்சு போச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

சொன்ன பிறகுதான் அந்த 'இன்னும்' எனக்குக் காதில் விழுந்தது. அவர் மூச்சுக்கு நடுவில் சிரித்தார்.

"கேட்டியா சர்பு? இன்னும் இல்லயாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மோரை வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். பிறகு முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். கஸ்பார் முழங்காலிட்டு ஊசியைப் போட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போயிரணும் பாய். இது ஒண்ணு மட்டும் பத்தாது" என்றார்.

நான் வெளியே வந்தேன். குழாயடியில் பத்துப் பதினைந்து பேர்.

"என்னா நஜ்மக்கா, பண்டாரி வீட்டு முன்னால ஜட்கா நிக்குது?"

"அக்கா, என்னாக்கா?"

நான் ஒன்றும் சொல்லாமல் அவர்களைத் தாண்டிப் போனேன். வாழ்க்கையில் ஒருநாள் வாயை மூடினேன். அது என்ன ஆயிற்றென்றால், நஜ்முன்னிசாவே பேசாமல் போகிறாள் என்றால் அது மவுத்தாகத்தான், சாவாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். குடங்களை அப்படியே போட்டுவிட்டுத் தெருவே பண்டாரி வாசலுக்கு ஓடியது. ஒருத்தி ஒப்பாரிக்குக் குரலையே எடுத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் கஸ்பாரும் சர்புன்னிசாவும் இரண்டு பக்கமும் தாங்க, பக்ருதீன் அண்ணன் வெளியே வந்தார். எடுத்த குரல் பாதியில் நின்றது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. செத்தவருக்காக வந்து நிற்கிறவர்களுக்கு முன்னால் உயிரோடு நடந்துபோக வெட்கப்பட்டவர் மாதிரி, ஒவ்வொரு அடியாக வைத்து ஜட்காவில் ஏறினார்.